டவர் சாயவில்லை

போன மாதம் நான் வேலை பார்த்த காற்றாலைக் கம்பெனியில் பாதுகாப்பு தினம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களில் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறவர்களாகப் பார்த்து நாலைந்து பேரைப் பிடித்திருந்தார்கள். அதில் நானும் ஒருவன். சால்வை, குழுப் படம், எலுமிச்சை சாதம் என்று எல்லாம் முறைப்படி நடந்தது. புதிதாக நிறுத்தியிருக்கும் டவர்களையும் கூட்டிப்போய்க் காட்டினார்கள். உள்ளே லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். ஒருவர் நெருக்கி நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு. பொத்தானை அழுத்தினால் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பேச்சு முடிந்ததும், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண் ஒருத்தி எழுந்து, உங்களுக்கு உயரத்துப் பயம் போக எத்தனை வருஷம் ஆச்சு சார் என்று கேட்டாள். பக்கத்தில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். "அதெல்லாம் பழகிரும்மா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பதில் எனக்கே கசந்தது. அந்தப் பெண் நாளைக்கு ஏறுவாள். லிஃப்ட் எங்காவது நின்றுபோகும், ஏணியைப் பிடிக்க வேண்டி வரும், பயம் வரும். எல்லாருக்கும் பழகிவிட்டது, நமக்கு மட்டும்தான் பழகவில்லை என்று நினைத்துக்கொண்டு குமைவாள். அதனால் சரியான பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். போகவில்லை, அம்மா. ஒரு நாள்கூடப் போகவில்லை.

என் பெயர் காதர் மைதீன். சொந்த ஊர் கயத்தாறு. வாப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கோவில்பட்டியில் ஃபிட்டர் படித்துவிட்டு, தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எங்கள் கரிசல் காட்டில் காற்றாடிகள் வர ஆரம்பித்தன. பருத்தியும் உளுந்தும் வானத்தைப் பார்த்துக் கிடந்த நிலத்தில், காற்றுக்கு மட்டும் எந்த வருஷமும் பஞ்சம் வந்ததில்லை. ஆனி பிறந்துவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சைக்கிளோடு ஆளைத் தள்ளும். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொஞ்ச நாள் வகுப்பு எடுத்தார்கள். பெல்ட் மாட்டுவது, பிரேக் போடுவது, கரண்டை நிறுத்திப் பூட்டுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பயத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அதற்கு ஒரு தனிப் பயம்.

அந்தக் காலத்து டவர் என்பது நிறுத்திவைத்த பெரிய இரும்புக் குழாய். அடியில் ஒரு கதவு. உள்ளே நேர்க்குத்தாக ஏணி. நடுநடுவே இளைப்பாற மேடைகள். ஒவ்வொரு மேடையிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை, அதற்கு ஒரு மூடி. உச்சியில் இறக்கைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை நாங்கள் 'தலை' என்போம். இறக்கையை நிறுத்திவிட்டு ஏறினாலும் டவர் நிற்காது. காற்றுக்கு மெல்ல ஆடும். ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, வயிற்றுக்குத் தெரியும். முதல் தடவை அந்தத் தலைக்குள் நின்றபோது கால் இரண்டும் யாருடையதோ போல இருந்தது. அன்றிலிருந்து வேலை நாளில் காலைச் சாப்பாடு எனக்கு இறங்காது. என் மனைவி ரகுமத் இட்லியைத் தட்டில் வைப்பாள், அப்புறம் அதையே டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். கீழே இறங்கின பிறகு அதைத் தின்பேன். அவளுக்கு மட்டும் தெரியும்.

இனி பலவேசம் அண்ணாச்சி. எங்கள் சைட்டுக்கு அவர்தான் சூப்பர்வைசர். கடம்பூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். அவர் தகப்பனார் ஆட்டுக் கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். இவர் ஒருவர்தான் பாலிடெக்னிக் வரைக்கும் படித்தார். ஆள் நெட்டையாக இருப்பார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. திட்ட வேண்டியிருந்தால் அருகில் வந்து நின்று நம் பெல்ட்டின் வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பார். நாம் ஒரு அடி முன்னால் போய் நிற்போம். அதுதான் திட்டு. அந்த இழுப்பில் வார் தளர்ந்திருந்தால் நமக்கே தெரிந்துவிடும், அவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் எந்த விதிப் புத்தகத்திலும் கிடையாது. ஆடு மேய்க்கிறவர்கள் கம்பை ஊன்றி, ஒரு பாதத்தை மற்ற முழங்காலில் பதித்து, ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படியே நின்று தூங்குகிறவர்களும் உண்டு. அண்ணாச்சி எங்களை அப்படி நிற்கச் சொல்வார், கம்பு இல்லாமல், கண்ணை மூடி. டவரின் கான்கிரீட் அஸ்திவாரத்தில், ஏறப்போகிற ஒவ்வொருவரும் நிற்க வேண்டும். அவர் ஒரு பீடியைப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுக்கிற நேரம். ஆடாமல் நின்றால் ஏறலாம். ஆடினால் அன்றைக்குக் கீழே வேலை. ஏன் ஆடினாய், ராத்திரி குடித்தாயா, வீட்டில் சண்டையா என்று ஒரு கேள்வி கிடையாது. யாரும் கிண்டல் செய்யவும் கூடாது. "உடம்பு இன்னைக்கு ஊருக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்துரும்" என்பார், அவ்வளவுதான். நான் ஒரு நாளும் ஆடியதில்லை. ஆடினால் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்திலேயே கட்டைவிரலைக் கான்கிரீட்டில் அழுத்தி ஊன்றி நின்றிருக்கிறேன்.

எங்களை நிற்கவைத்துவிட்டு அவரும் எங்களோடு நிற்பார், யாராவது ஆடினால் கால் ஊன்றுகிற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்த்திருக்கிறேன். பீடி கையில் புகையும், கண் மூடியிருக்கும், மனிதர் அப்படியே நிற்பார். அதில் முயற்சி என்று எதுவும் தெரியாது. மேலே தலைக்குப் போய் மூடியைத் திறந்து வெளியே நிற்கும்போதும் அதே நிலைதான். கொக்கியை மாட்டிவிட்டு, எதையும் பிடிக்காமல், மேற்கே மலையையும் கீழே துண்டு துண்டாகக் கிடக்கிற கரிசலையும் பார்த்துக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்பது போல நிற்பார். ஏணியில் ஏறும்போது வயிறு ஏணியை விட்டு விலகக் கூடாது, ஏறுகிறது கால்தான், கை சும்மா துணைக்கு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். இந்த மனிதருக்குப் பயம் என்ற ஒன்றை உடம்பில் வைக்கவே மறந்துவிட்டான் படைத்தவன் என்று நினைப்பேன். அவரோடு ஏறுகிற நாளில் என் பயம் பாதியாகக் குறையும். மீதிப் பாதியை நான் பார்த்துக்கொள்வேன்.

அந்த நாள் ஆனி மாதத்துக் கடைசி. ஒரு மிஷின், எண்ணெய் அழுத்தம் குறைகிறது என்று காட்டிவிட்டு நின்றுவிட்டது. காற்று சீசனில் ஒரு மிஷின் நின்றால் மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வரும். காற்று ஒரு அளவுக்கு மேல் போனால் ஏறக் கூடாது என்பது விதி. காலையில் அளவுக்குள்தான் இருந்தது. மேலே போக அண்ணாச்சியும் நானும். கீழே கன்ட்ரோல் பெட்டிக்குப் பக்கத்தில் செல்வம், கையில் வாக்கி டாக்கியோடு. அவன் நல்ல பையன், எட்டயபுரத்துக்காரன், எதற்கும் இரண்டு தடவை சரி சொல்வான்.

வழக்கம்போல நின்றோம். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அண்ணாச்சி ஆடினார். கொஞ்சமாக இல்லை, வலது பக்கமாகச் சரிந்து காலை ஊன்றிவிட்டார். கண்ணைத் திறந்து பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பக்கத்தில் போய், அண்ணாச்சி நீங்க கீழ நில்லுங்க, நானும் செல்வமும் போறோம் என்று சொன்னேன். செல்வம் மேலே போய்ப் பழகாதவன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, படுத்துப் புரண்டால் லேசாகச் சுற்றுகிறது, பித்தமாக இருக்கும் என்றார். என் பெல்ட் வாரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். முன்னால் ஏறினார்.

விதிப்படி ஒரு ஏணித் துண்டில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான். அவர் மேடைக்குப் போய், மூடியைப் போட்டுவிட்டு வாக்கியில் சொன்ன பிறகுதான் நான் ஏற வேண்டும். அன்று ஒவ்வொரு மூடியும் டமாரென்று விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வரவில்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. நல்லபடியாகத் தலைக்குள் போய்ச் சேர்ந்தோம். நான் வீணாகப் பயந்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

எண்ணெய் ஒரு குழாயின் முனையில் கசிந்திருந்தது. அது தாழ்வான இடத்தில், பெரிய கியர் பெட்டிக்கு அடியில் இருந்தது. மல்லாந்து படுத்து, தலையை வலது பக்கம் திருப்பித்தான் பார்க்க முடியும். அண்ணாச்சி படுத்தார். டார்ச்சைக் கேட்டார். நான் கொடுக்கக் கையை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. கை அந்தரத்தில் எதையோ தேடியது. பிறகு என் கணுக்காலைப் பிடித்தார். அந்தப் பிடி இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

"காதர், டவர் சாயுதுலே."

சத்தமில்லாமல், சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் நம்பிவிட்டேன். அந்த மனிதர் சாய்கிறது என்றால் சாய்கிறதுதான். காற்று வேறு வெளியே ஊளையிடுகிறது, தரை வழக்கம்போல அசைகிறது. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ரகுமத்தின் முகம் வந்தது. டவர் எந்தப் பக்கம் விழும், வெளியே நிற்கிற செல்வம் மேல் விழுமா என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரம் போயிற்று. டவர் விழவில்லை. கியர் பெட்டியின் மேல் சற்று முன் நான் கழற்றி நிறுத்திவைத்த போல்ட் ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. டவர் சாய்ந்தால் அது முதலில் உருண்டிருக்க வேண்டும். அந்த போல்ட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அண்ணாச்சியைப் பார்த்தேன். கண் இரண்டும் ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. முகமெல்லாம் வேர்வை. வாந்தி எடுத்தார். தூக்கி உட்காரவைத்தேன், மறுபடி சாயுது சாயுது என்று என் சட்டையைப் பிடித்தார். ஒரு நிமிஷம் போல அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கண் நின்றது. மூச்சு சீரானது. எழுந்து வெளியே வரப் பார்த்தார், தலை குனிந்ததும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. இரண்டு மூன்று தடவை இப்படி ஆன பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. தலை அசையாமல் இருக்கிற வரைக்கும் மனிதர் நன்றாக இருக்கிறார். தலையைத் திருப்பினாலோ, குனிந்தாலோ, நிமிர்ந்தாலோ அவர் உலகம் கவிழ்ந்துவிடுகிறது.

செல்வத்திடம் சொன்னேன். சரிண்ணே சரிண்ணே என்றான், குரல் அழுதது. ஆளைக் கயிற்றில் இறக்குகிற சாமான் எங்கள் சைட்டில் அப்போது இல்லை. வேறு சைட்டிலிருந்து வர வேண்டும். மத்தியானம் ஆகும் என்றார்கள். காற்றோ நேரம் ஏற ஏறக் கூடுகிறது. டவர் ஆட்டம் கூடக் கூட அவருக்கு வாந்தியும் கூடியது. காத்திருந்தால் இன்னும் மோசமாகும். இறங்கினால், நடு ஏணியில் சுற்றல் வந்து கையை விட்டுவிட்டால்? ஏணியோடு ஓடுகிற கம்பிவடத்தில் பெல்ட் மாட்டியிருக்கும், விழ விடாது, கவ்விக்கொள்ளும். ஆனால் அந்தக் குறுகலான குழாய்க்குள் மயங்கித் தொங்குகிற நெட்டை ஆளை ஒற்றை ஆளாக நான் என்ன செய்வேன்? பெல்ட்டில் ரொம்ப நேரம் தொங்கினால் அதுவே உயிரை எடுத்துவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் பயந்ததெல்லாம் நான் விழுவதைப் பற்றி. இன்னொருவரைக் கொன்றுவிடுவேனோ என்ற பயம் அன்றைக்குத்தான் தெரிந்தது. அது நான் விழுகிற பயத்தைவிடப் பல மடங்கு பெரிது.

இறக்குவது என்று முடிவு செய்தேன். அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கழுத்தைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினேன், தலை திரும்பாமல் இருக்க. என் துண்டையும் அதன் மேல் சுற்றினேன். நான் சொல்லுத வரைக்கும் கீழ பாக்கக் கூடாது, மேல பாக்கக் கூடாது, முகத்துக்கு நேரா இருக்குற படியை மட்டும் பாருங்க, காலை நான் எடுத்து வைக்கேன் என்றேன். அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை உத்தரவாகப் பேசியதில்லை. சரி என்றார்.

தலையிலிருந்து ஏணிக்கு இறங்குகிற ஓட்டைதான் ஆகப் பெரிய கண்டம். குனியாமல் அதில் இறங்க முடியாது. நான் முதலில் இறங்கி, இரண்டு படி கீழே நின்றுகொண்டேன். அவரை உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்து காலை ஓட்டைக்குள் தொங்கவிடச் சொன்னேன். ஒரு காலைப் பிடித்துப் படியில் வைத்தேன். மற்ற காலையும் வைத்தேன். அவர் உடம்பைத் திருப்ப வேண்டிய இடம் வந்தது. திருப்பினார், சுற்றல் வந்துவிட்டது. அப்படியே ஏணியைக் கட்டிக்கொண்டார். அவர் பூட்ஸ் என் இடது கை விரல்கள் மேல் இருந்தது. முழு கனமும் அதன் மேல்தான். கையை எடுத்தால் அவர் கால் நழுவும். எடுக்கவில்லை. அசையாதீங்க அண்ணாச்சி, டவர் நிக்கு, டவர் நல்லா நிக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்குச் சொன்னேனோ எனக்குச் சொன்னேனோ தெரியாது. சுற்றல் நின்றதும் அவரே காலைத் தூக்கினார். நகம் கருத்துப்போய்ப் பிறகு விழுந்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு படியாக வந்தோம். ஒரு ஏணியில் இருவர் இருக்கக் கூடாது என்ற விதியை அன்றைக்கு மீறினேன். என் தோளில் அவர் உட்காருவது போலத் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் ஏணியையும் ஒரு கையால் அவர் குதிகாலையும் பிடித்து, வலது, இடது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மேடை வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். என் கை நடுங்கிய நடுக்கத்தில் வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்த முடியாமல் மூக்கால் அழுத்தினேன். கதவு வழியாக வெயிலைப் பார்த்தபோது செல்வம் ஓடிவந்து அண்ணாச்சியைப் பிடித்தான். நான் அங்கேயே, கரிசல் மண்ணில், வண்டித்தடத்தில் மல்லாந்து படுத்துவிட்டேன். பூமி எவ்வளவு அகலம் என்று அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

கோவில்பட்டியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கொண்டுபோனோம். என்னையும் உள்ளே கூப்பிட்டு விளக்கினார். காதின் உட்பக்கத்தில் மணல் மணலாகச் சில துகள்கள் உண்டாம். நாம் நிமிர்ந்திருக்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்வது அவைதானாம். அதில் சில துகள்கள் கழன்று இருக்கக் கூடாத இடத்துக்குப் போய்விட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் பொய்ச் சேதி போகுமாம். கட்டிலில் படுக்கவைத்துத் தலையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி உட்காரவைத்தார். மாத்திரைகூடப் பெரிதாக இல்லை. மறுபடி ஒரு தரம் வரச் சொன்னார், போனோம், சரியாகிவிட்டது என்றார். இவ்வளவு பெரிய ஆளைச் சாய்த்தது மணல் துகளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

காது சரியாகிவிட்டது. ஆள் சரியாகவில்லை. வேலைக்குத் திரும்பினார், ஆனால் ஆபீஸ் ஷெட்டை விட்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போல்ட் முறுக்குகிற டார்க் ரெஞ்சுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். நடக்கும்போது விரல் சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். சுவர் இல்லாத இடத்தில் கால் முன்னால் நிலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊன்றும். வெயிலில் வெடித்துக் கிடக்கிற எங்கள் காட்டில், வெடிப்பைத் தாண்டுவதற்கு முன்னால் நின்று யோசிப்பார். வாய்க்கால் வரப்பெல்லாம் ஆட்டுக்குப் பின்னால் ஓடி வளர்ந்த கால் அது. வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் சம்சாரம் என்னிடம் தனியாகச் சொன்னார், படுக்க மாட்டேன் என்கிறாராம். சுவரில் தலையணையை வைத்து உட்கார்ந்தே தூங்குகிறாராம். "அவிய அவியளாவே இல்லய்யா. ஆரோ ஒரு ஆளு வந்து வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார்.

அஸ்திவாரத்தில் நிற்கவைக்கிற வழக்கமும் நின்றுபோயிற்று. அவர் வரவில்லை, வேறு யாருக்கும் அதைச் செய்யத் துணிச்சல் இல்லை. ஏறுகிறவர்கள் நேராக ஏறினார்கள். எனக்குத் தாங்கமுடியாத பயமாக இருந்தது. இப்போது என் பயம் முழுசையும் நானே சுமக்க வேண்டியிருந்தது. மேலிடத்தில் அவரைத் தூத்துக்குடி ஸ்டோருக்கு மாற்றப் பேச்சு நடக்கிறது என்று கேள்விப்பட்டோம். பயல்கள் சிலர் அவர் காது படவே, பெருசு மேல போச்சுன்னா நாம கயித்தோட போகணும் என்று சிரித்தார்கள். அவர் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி பிறந்து காற்று அடங்கியது. ஒரு நாள் நான் வழக்கத்துக்கு முந்தியே சைட்டுக்குப் போனேன். ராத்திரி ஒரு மழை பெய்திருந்தது, வண்டி ஓட்டினால் மண் அப்பும் என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். செருப்பில் மண் ஒட்டி ஒட்டிக் கனம் சேர்ந்துவிட்டது. அஸ்திவாரத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். காலைத் தூக்கினார், கண்ணை மூடினார், உடனே ஊன்றினார். மறுபடி தூக்கினார். மறுபடி ஊன்றினார். விழாமல் இருக்கக் கையை விரித்துக் காற்றைப் பிடிக்கிறார். நான் பருத்திச் செடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். பார்க்கக் கூடாததைப் பார்க்கிற கூச்சம். எத்தனை தடவை என்று தெரியவில்லை. ஒரு தடவை நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஆனால் பழைய நிலை இல்லை அது. தாடை இறுகியிருந்தது, கை முஷ்டியாக இருந்தது, உடம்பு முழுக்க வேலை செய்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டார்.

"பெல்ட்ட எடுத்துட்டு வா" என்றார்.

அன்று அந்த டவரில் கிரீஸ் வைக்கிற வேலைதான். டாக்டர் ஏறலாம் என்று எழுதியே கொடுத்திருந்தார். தடுப்பதற்கு என்னிடம் ஒரு காரணமும் இல்லை. செல்வம் வந்து கீழே நின்றுகொண்டான். அண்ணாச்சி முன்னால் ஏறினார். முதல் மேடையின் மூடி விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. கூப்பிட்டேன், வாக்கியில் பதில் இல்லை. மறுபடி அந்தக் கண் இழுப்பும் வாந்தியும் கண் முன்னால் வந்தன. விதியைப் பார்க்காமல் ஏறினேன். ஓட்டை வழியாகத் தலையை நீட்டினால், மேடையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண் நேராக இருந்தது, இழுக்கவில்லை. சுத்துதா அண்ணாச்சி என்றேன். இல்லை என்றார். கையை எனக்குக் காட்டினார். நடுங்கியது.

"காதர், ஒளிக்காமச் சொல்லு. காது சரியாயிட்டு. தலையும் சுத்தல. பொறவு ஏம்லே கை இப்படி ஆடுது? நெஞ்சு வேற அடிக்கி."

"பயம் அண்ணாச்சி."

கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னும் என்னவோ பெரிதாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"பயம்னா இதுதானா?"

"இதுதான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் குழாய்க்குள் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. சொன்னால் நாளையிலிருந்து என்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஸ்டோருக்கு என்னையும் சேர்த்து எழுதிவிட்டால்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை. தன் உடம்பில் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பது என்ன நோய் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் எனக்குத் தெரியும். அதோடு நான் குடித்தனமே நடத்திக்கொண்டிருக்கிறேன்.

"எனக்குத் தினமும் இருக்கு அண்ணாச்சி. சேந்த நாள்லருந்து. காலையில சாப்பிட முடியாது. அன்னைக்கு ஒங்கள எறக்கும்போது மூக்காலதான் வாக்கிய அமுக்கினேன்."

"தினமுமா?"

"தினமும்."

"பொறவு எப்படிலே ஏறுத?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னிடம் கேட்டதில்லை. "பயந்துக்கிட்டேதான் ஏறுதேன். கை நடுங்கினாலும் பிடி விடாது. வயிறு ஏணிய ஒட்டி இருக்கான்னு பாப்பேன். அடுத்த படி இருக்கான்னு பாப்பேன். அது போவும்னு நான் காத்துக்கிட்டு இருக்கல, அவ்வளவுதான்" என்றேன்.

மேலே போகிற ஏணியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேவலமாக நினைக்கிறார் என்றே நம்பினேன். கீழேயிருந்து செல்வம் சரியாண்ணே சரியாண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். அந்த இரும்புக் குழாய் முழுக்க அது மேலே போய்த் திரும்பி வந்தது. நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கும்போதும் அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். ஒதுங்கி நின்று எனக்கு ஏணியைக் காட்டினார். அவ்வளவு வருஷத்தில் அவர் எனக்குப் பின்னால் ஏறியதே இல்லை.

"நீ முன்ன போ. நீ எப்படிப் பயப்படுதன்னு பாத்துக்கிட்டே வாரேன்."

நான் முன்னால் ஏறினேன்.